மந்தையில தொங்குற பிளெக்ஸுக்கு டைப் அடிச்சவ எழுதுற திறந்த மடல்

ஊர்க் கமிட்டி பெரியப்பாமார், சித்தப்பாமார், மாமன்மார் எல்லாருக்கும் வணக்கம்.

மந்தையில வேப்பமரத்துக்கும் லைட்டு கம்பத்துக்கும் நடுவுல கட்டியிருக்கீங்களே ஒரு பிளெக்ஸ், "நமது ஊர் இளைஞர்கள் சீரழியக் காரணங்கள்"னு செவப்புல பெருசா போட்டு, அத டைப் அடிச்சு டிசைன் பண்ணி திருமங்கலத்துல பிரிண்ட் போட்டு வாங்கிக் குடுத்தது நான்தான். 6க்கு 4 சைஸு, காசும் வாங்கிட்டேன். அதனால மொதல்ல என் தப்ப ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன். டைப் அடிக்கையிலேயே கை நின்னுச்சு, ஆனா வாயத் தொறக்கல, கூட்டத்துக்குத்தான் நம்மள கூப்பிடலையே, டைப் அடிக்கிற வேலைய மட்டும் பாப்போம்னு இருந்துட்டேன். இப்ப தெனம் காலையில கடை ஷட்டரத் தூக்குனா எதுத்தாப்புல மொதல்ல அதுதான் கண்ணுல படுது. பத்து நாளாச்சு. இதுக்கு மேல முடியல.

கூட்டம் போட்டதே தப்புன்னு சொல்ல வரல. மாசி சிவராத்திரி முடிஞ்ச வாரத்துல மூணு பயலுக பைக் திருட்டுல மாட்டி, ஒருத்தன் பையில கஞ்சா பொட்டலம் வேற இருந்து, ஊரே தலகுனிஞ்சு நிக்கையில பெரியவங்க உக்காந்து பேசத்தான் வேணும். ஆனா ரெண்டு மணி நேரம் பேசி நாலு காரணம் கண்டுபிடிச்சீங்க பாருங்க, செல்போன், சினிமா, தாய்மார்களின் கவனக்குறைவு, நாலாவதா "சேரக்கூடாதவர்களுடன் சேர்க்கை", அதப் பத்தித்தான் இந்த லெட்டரே. நாலையும் இன்னொருக்கா வாசிச்சுப் பாருங்க. கூட்டத்துல உக்காந்திருந்த ஒருத்தரு கூட அந்தக் காரணத்துல இல்ல. செல்போனுக்கு வாயில்ல, சினிமாக்காரன் மெட்ராஸ்ல இருக்கான், தாய்மார கூப்பிடல, காலனிக்காரவுகள கூப்பிடணும்னு நெனப்பே வரல. வராதவுக தலையிலயே எல்லாத்தையும் எழுதி விட்டாச்சு.

நான் பெரிய படிப்பாளியெல்லாம் இல்ல. பிளஸ் டூவோட கல்யாணம், ரெண்டாவது புள்ள பொறந்தப்புறம் காமராசர் யுனிவர்சிட்டியில தபால்ல சோசியாலஜி படிச்சேன், தையல் மிஷின் மேல புக்க விரிச்சு வச்சுப் படிச்ச படிப்பு. பரிச்சைக்கு உருப்போட்டதுல பாதி மறந்துருச்சு, மீதி பாதி இந்த ஜெராக்ஸ் கடையில உக்காந்த பெறகுதான் வெளங்குச்சு. ஊர்ல யார் வீட்டுல என்ன கஷ்டம்னு கோடாங்கிக்கு அடுத்தபடி தெரியிறது இ-சேவை கடைக்காரிக்குத்தான். டிசி காப்பி, வருமானச் சான்று, நகைக்கடன் ரசீது, முதியோர் பென்ஷன் மனு, எல்லாம் என் மிஷின் வழியாத்தான போகுது. அது போக உங்க வீட்டு காதுகுத்து கல்யாணத்துக்கெல்லாம் லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து கம்ப்யூட்டர் மொய் எழுதுறதும் நான்தான். சும்மா ஞாபகப்படுத்துறேன், மெரட்டல.

செல்போன எடுத்துக்குவோம். அந்த மூணு பயலுககிட்டயும் போன் இருந்துச்சு, வாஸ்தவந்தான். ஆனா அந்த வயசுப் பயலுக எல்லார் கையிலயும்தான் போன் இருக்கு, நான்தான ரீசார்ஜ் போட்டு விடுறேன். எல்லார் கையிலயும் இருக்கிற ஒண்ணு காரணம்னா எல்லாரும்ல பைக் திருடப் போயிருக்கணும்? என் மக அதே போன்ல கணக்குப் பாடம் பாக்குறா, எதுத்த வீட்டுப் பய அதே போன்ல போலீஸ் வேலைக்குப் படிக்கிறான். போனவனுக்கு என்ன இருந்துச்சு, போகாதவனுக்கு என்ன இல்ல, அதயில்ல தேடணும்.

நான் கொஞ்சம் தேடிப் பாத்தேன். மூணு பேரும் ஒம்பதாவது பத்தாவதுல நின்னவிங்க. மூணு பேரு அப்பனும் ஊர்ல இல்ல, முறுக்குக் கம்பெனிக்கு அட்வான்ஸ் வாங்கிட்டுப் போனவுக, ரெண்டு பேரு மகாராஷ்டிரா பக்கம், ஒருத்தரு ஆந்திரா, வருசத்துக்கு ஒருக்கா சாமி கும்பிட வந்துட்டுப் போறதோட சரி. அப்புறம் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு வந்துக்கிட்டிருந்த பஸ்ஸு நின்னு போச்சுல்ல, அதுலருந்து ஸ்பெஷல் கிளாஸ் இருந்துட்டு வர வழியில்லாம மெயின் ரோட்டுலருந்து இருட்டுல நடந்து வந்தவிங்கதான் இந்த மூணு பேரும், நடக்க முடியாம கிளாஸுக்குப் போறத நிறுத்துனாய்ங்க, நிறுத்தவும் பெயிலானாய்ங்க, பெயிலாகவும் ஸ்கூலுக்கே போகல. மூணு பேர வச்சு முடிவு கட்டுனா நானும் உங்கள மாதிரிதான் ஆயிருவேன்னு தெரியும், அப்பன் வெளியூர்ல இருந்தும் ஒழுங்கா படிக்கிற பயலுக நம்ம தெருவுலயே இருக்காய்ங்க. அதனால சத்தியம் பண்ணல. ஆனா போன விட இது கிட்டத்துல வருது.

சினிமாவப் பத்தி ஜாஸ்தி பேச ஒண்ணுமில்ல, படத்துல அருவா வர்றதுக்கு முன்னாடியே இந்தச் சீமையில வேல்கம்பு இருந்துச்சு. அதவிட மெர்ட்டன்னு ஒரு அமெரிக்கக்காரரு 1938ல சொன்னது எனக்குப் பொருத்தமாப் படுது. இது வேணும் அது வேணும்னு ஆசைய எல்லார் மனசுலயும் ஒரே மாதிரி ஏத்தி விடுறோம், ஆனா அத நேர்வழியில அடையிறதுக்கான பாதைய எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டுக் குடுக்குறதில்ல, அப்ப பாதை கெடைக்காதவன்ல சில பேரு குறுக்க பூந்து போவான்னு சொல்றாரு. இங்க பாருங்க, கல்யாண பிளெக்ஸுல மாப்பிள்ள புல்லட்டு மேல உக்காந்திருக்கான், காதுகுத்துக்கு தாய்மாமன் டிராக்டர்ல சீர் கொண்டாறாரு, ஊருக்குள்ள மரியாதைங்கறதே வண்டியையும் சங்கிலியையும் வச்சுத்தான. பத்தாவது பெயிலான பய அந்த மரியாதைக்கு எந்தப் பக்கமா போவான்னு நெனைக்கிறீங்க?

அடுத்து தாய்மார்கள். இந்த வரியத்தான் டைப் அடிக்கையில எனக்குக் கை நடுங்குச்சு. அந்த மூணு தாய்ல ஒருத்தி காலையில நூறு நாள் வேல, மத்தியானம் அடுத்தவுக தோட்டத்துல பூ எடுக்கப் போறா, வியாழக்கிழமையானா குழுக்கடன் தவணைக்கு ஆளு வந்து திண்ணையில உக்காந்துருவான். அவ எப்ப கவனிக்கிறது? சரி, கவனிக்கவே இல்லையான்னா அதுவும் இல்ல. பஸ்ஸு நின்ன மாசமே அந்தப் பஸ்ஸ திரும்ப விடச் சொல்லி மனு எழுதணும்னு எங்கிட்ட வந்தவளே அவதான். நான்தான் டைப் அடிச்சேன், இருவத்தேழு பொம்பளைக கையெழுத்துப் போட்டாங்க, அதுல இந்த மூணு தாயும் இருக்காங்க. கமிட்டிக்காரங்ககிட்ட கையெழுத்துக்குக் கொண்டு வந்தப்ப "பொம்பளைக மனுல நாங்க எதுக்கும்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே திருப்பிக் குடுத்தீங்க. அந்த மனு காப்பி இப்பவும் என் கம்ப்யூட்டர்ல இருக்கு, தேதியோட. கவனக்குறைவு யாருதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

இப்ப நாலாவதுக்கு வர்றேன். "சேரக்கூடாதவர்கள்"னா யாருன்னு பிளெக்ஸுல இல்ல, ஆனா ஊர்ல சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும் காலனியச் சொல்றீங்கன்னு. மாட்டுன மூணு பேர்ல ரெண்டு பேரு நம்ம தெரு, ஒருத்தன்தான் காலனிப் பய. பூட்ட ஒடச்சவன் நம்ம வீட்டுப் பய, அது உங்களுக்கும் தெரியும், பேரு நான் சொல்ல மாட்டேன். ஆனா பிளெக்ஸுக்கு வர்றப்ப மட்டும் நம்மவிங்க "வழி தவறுனவிங்க", அவன் "சேரக்கூடாதவன்". ஒரே பைக்கு தானே எல்லாரும் திருடுனது?

கோவப்படாம மேல கேளுங்க, இது நம்ம கதையும்தான். எங்க சீயான், அதான் தாத்தா, சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்த கதை, உங்க வீட்டுச் சீயான்களும் சொல்லியிருப்பாக. ரேகைச் சட்டம். வெள்ளக்காரன் 1871ல வடக்க கொண்டு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்து அப்புறம் பிரமலைக் கள்ளரான நம்ம ஆளுகள மொத்தமா அதுல சேத்தான். ஆம்பளையா பொறந்தா விரல் ரேகைய வை, ராத்திரியானா ஸ்டேஷனுக்கோ சாவடிக்கோ போயி ஆஜராகு, அடுத்த ஊருக்குப் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கு. மாட்டேன்னு நின்ன பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு, 16 பேரு செத்தாக. வருசா வருசம் அங்க போயி மாலை போடுறீங்க, நானும் வர்றேன். அந்தச் சட்டம் எதுல நின்னுச்சு? துப்பாக்கியிலயா? ஒரு தியரியில நின்னுச்சு. இந்தக் கூட்டத்துல பொறந்தா ரத்தத்துலயே களவு இருக்கும்ங்கிற தியரி.

அந்தக் காலத்துல அது ஏதோ போலீஸ்காரன் வாய்க்கு வந்த பேச்சு மட்டும் இல்ல, சீமையில படிச்சவனும் அதத்தான் பேசிக்கிட்டு இருந்தான். இத்தாலியில லாம்ப்ரோசோன்னு ஒரு டாக்டரு, 1876ல, மண்டையோட்டையும் தாடையையும் அளந்து குற்றவாளி பொறக்கையிலேயே குற்றவாளிதான்னு எழுதுனாரு. அப்புறம் இங்கிலாந்துல கோரிங்னு ஒரு ஜெயில் டாக்டரு 3,000 கைதிங்களுக்கு மேல வருசக்கணக்கா அளந்து பாத்து, அப்படி ஒரு தனி மண்டையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு 1913ல சொல்லிட்டாரு. சொல்லி என்ன, இங்க நம்ம தாத்தாமாரு ரேகை வைக்கிறது 1947 வரைக்கும் நிக்கல. பொய்யின்னு ஆன தியரியும் முப்பது வருசத்துக்கு மேல சட்டமா ஓடுச்சு.

வெள்ளக்காரன் பாக்காம விட்டத இப்ப நாம எல்லாரும் பாக்குறோம். ஊர்க்காவல் பாத்து அதுக்குக் கூலி வாங்கித் தின்ன ஆளுக நாம, அவன் போலீஸ் ஸ்டேஷனக் கொண்டு வந்து அந்தப் பொழப்பப் புடுங்கிட்டான். 1895ல பெரியாறு தண்ணி வந்தப்ப மேலூர்ப் பக்கம் பாஞ்சுச்சு, நம்ம மேட்டுக்காட்டுக்கு ஒரு சொட்டு இல்ல. பொழப்பும் போயி தண்ணியும் இல்லாம இருக்கிறவன் என்ன பண்ணுவான்னு யோசிக்காம ரத்தத்த குத்தம் சொன்னான். இம்புட்டு வெவரமா நம்ம கதைய மேடை போட்டுப் பேசுற நாம, காலனிப் பயலப் பாத்ததும் வெள்ளக்காரன் தியரிய அப்படியே எடுத்து அவன் மேல போடுறோம், பேர மட்டும் மாத்தி. எனக்கு வெக்கமா இருக்கு பெரியப்பா. உள்ளதச் சொல்றேன், டைப் அடிச்ச எனக்குத்தான் மொதல்ல வெக்கம்.

தபால்ல படிச்சதுல எனக்கு மறக்காத ஒண்ணு சிகாகோ கணக்கு. ஷா, மெக்கேன்னு ரெண்டு பேரு கோர்ட்டுக்கு வந்த பயலுக எந்தத் தெருவுல இருக்காய்ங்கன்னு ஊரு மேப்புல புள்ளி வச்சாங்க. வருசக்கணக்கா வச்சாங்க. ஊரு நடுவுல ஃபேக்டரி ஓரத்துல இருக்கிற சில ஏரியாவுல எப்பவும் புள்ளி ஜாஸ்தி. மொதல்ல அங்க ஜெர்மன்காரன் அயர்லாந்துக்காரன் இருந்தான், அவன் கொஞ்சம் காசு பாத்து வெளிய போகவும் போலந்துக்காரன் இத்தாலிக்காரன் வந்தான், ஆளு மாறிக்கிட்டே இருக்கான், புள்ளி மட்டும் அதே எடத்துல. வெளிய போனவன் பிள்ளைக திருந்திருச்சு. அப்ப ஆளுல இல்ல, அந்த எடத்துல வாடகை, வேலை, பள்ளிக்கூடம் இதுல ஏதோ இருக்குன்னு சொன்னாங்க. நம்ம ஊருக்கு ஒரு மேப்பு போட்டு, படிப்ப விட்ட பயலுக வீட்டுக்கெல்லாம் புள்ளி வச்சுப் பாருங்க, நான் பிரிண்ட் போட்டுத் தர்றேன். நான் வச்சுப் பாத்தேன். நம்ம தெருவுலயும் விழுது காலனியிலயும் விழுது, பஸ் போற ரோட்டோரம்தான் கொறச்சலா இருக்கு.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், கசப்பான விசயம். 1986ல உசிலம்பட்டிய இந்தியா பூராவும் தெரிஞ்சது பொறந்த பொம்பளப் பிள்ளைகளக் கொன்ன சேதிக்காக, அத நான் விரிச்சுச் சொல்ல வேண்டாம். கள்ளிப்பால்னு சொன்னாலே இன்னைக்கும் வெளியூர்க்காரன் நம்ம ஊர்ப் பேரத்தான் சொல்றான், காலேஜுல ஹாஸ்டல் பிள்ளைக "உசிலம்பட்டியா"ன்னு ஒரு மாதிரி கேட்டப்ப என் தங்கச்சி அழுதுக்கிட்டே போன் பண்ணுனா. அப்பவும் வெளிய சொன்ன தியரி இதேதான், அந்தப் பொம்பளைக கல்நெஞ்சுக்காரிக, அந்தச் சாதி வழக்கம் அப்படி. கேஸு ஆனதும் தாய் மேலயும் பாட்டி மேலயும். நகை இம்புட்டு வேணும்னு கேட்ட மாப்பிள்ள வீட்டுக்காரன் மேல யாரு கேஸு போட்டா?

வழக்கம்னு சொல்றது பொய்யின்னு எங்க அப்பத்தா கல்யாணத்த வச்சே சொல்லலாம். அப்பத்தாவுக்கு மாப்பிள்ள வீட்டுல பரிசம் போட்டுத்தான் கூட்டிட்டு வந்தாக, பொண்ணு வீட்டுக்குத்தான் பணம் வந்துச்சு. எங்க அம்மா கல்யாணத்துல அது அப்படியே திரும்பி, பொண்ணு வீட்டுல நகை போட்டு அனுப்புறதா மாறிருச்சு. நடுவுல என்ன நடந்துச்சு? வைகை அணை 1959ல தொறந்து தண்ணி பாஞ்ச ஊர்கள்ல பணப்பயிரு வந்துச்சு, கொஞ்சப் பேரு கையில காசு, படிச்சு கவர்மெண்டு வேலைக்குப் போன மாப்பிள்ளைக்கு கிராக்கி, அவனப் புடிக்க நகைய ஏத்துனாங்க, நகை ஏத்த முடியாதவனும் அதப் பாத்து ஏத்துனான். ஆராய்ச்சி பண்ணவங்க பல பேரு இதச் சொல்லியிருக்காங்க. டர்க்ஹைம்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1897லயே தற்கொலைக் கணக்க எடுத்து வச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னாரு, திடீர்னு நொடிச்சுப் போறப்ப மட்டும் இல்ல திடீர்னு செழிப்பு வர்றப்பவும் சாவு கூடுது, ஏன்னா எதுவரைக்கும் ஆசப்படலாம்ங்கிற அளவு ஒடஞ்சு போயிருதுன்னு. படிக்கையில இதென்ன கிறுக்குத்தனம்னு நெனச்சேன். அப்பத்தா பரிசத்தையும் என் நகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்த பெறகு கிறுக்குத்தனமா தெரியல.

காரணத்தத் தொடாம தாயப் புடிச்சு உள்ள போட்டதுல என்ன ஆச்சு? 1992ல சேலத்துல தொட்டில் கொழந்தைத் திட்டம் வந்துச்சு, 1994ல வயித்துப் பிள்ளைய ஆணா பொண்ணான்னு பாக்கக் கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. உயிர் பொழச்ச பிள்ளைக நெறைய, அத நான் மறுக்கல. ஆனா தமிழ்நாடு பூராவும் எடுத்தா ஆறு வயசுக்குள்ள ஆயிரம் ஆம்பளப் பிள்ளைக்கு 2001ல 942 பொம்பளப் பிள்ளை, 2011ல 943. பத்து வருசத்துல ஒண்ணு கூடியிருக்கு. கள்ளிப்பால் போயி ஸ்கேன் வந்துச்சு, நகை மட்டும் அப்படியே இருக்கு, இருக்கென்ன, பவுன் வெலையோட சேந்து ஏறிக்கிட்டே போகுது.

அதனாலதான் செய்முறைக்கு, விசேஷத்துக்கு சீரும் மொய்யும் செய்யுற வழக்கத்துக்கு வர்றேன், மூஞ்சியத் திருப்பாதீங்க. போன வருசம் நான் மொய் எழுதுன ஒரு காதுகுத்து, பேரு வேண்டாம், தாய்மாமன் சீருக்குன்னு மீட்டர் வட்டிக்கு வாங்கி பித்தளை அண்டா, கட்டில், பீரோ, ஆட்டுக்கிடா, வேட்டு, ட்ரம் செட்டுன்னு எறக்குனாரு. மண்டபத்துல கைதட்டு. பிரிண்டர்லருந்து ரசீது வந்துக்கிட்டே இருக்கு, எழுதுன மொய்ய அடுத்தவுக விசேஷத்துல கூட வச்சுத் திருப்பிச் செய்யணும், அதுக்கு இன்னொரு கடன், கடன அடைக்க இன்னொரு விசேஷம். மூணு மாசம் கழிச்சு அந்தத் தாய்மாமன் எங்கிட்ட வந்து ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி கேட்டாரு, முறுக்குக் கம்பெனிக்குப் போக. 2003லயே கந்துவட்டிக்கு எதிரா சட்டம் இருக்குண்ணேன்னு சொன்னேன், "சட்டம் இருக்கும்மா, நாளைக்கு அவன் வீட்டு விசேஷத்துக்கும் நான்தான போகணும்"னாரு. அவரு மகன்தான் மூணு பேர்ல ஒருத்தன்.

பிளெக்ஸுல அந்த அண்டா இல்ல. அந்தக் கைதட்டு இல்ல. கைதட்டுனதுல நானும் ஒருத்தி, நீங்களும் இருந்தீங்க, முன்வரிசையில.

இம்புட்டும் எழுதிட்டு நானும் இதோ இதுதான் காரணம்னு ஒத்தையா ஒண்ணச் சொன்னா உங்க பிளெக்ஸுக்கும் என் லெட்டருக்கும் வித்தியாசம் இல்லாமப் போயிரும். சாராயமும் இருக்கு, அதப் பத்தி எழுதுனா இன்னொரு லெட்டர் ஆகும், 2003லருந்து கடைய நடத்துறதே கவர்மெண்டு, குடிச்சதால ஏழையா ஏழையானதால குடிக்கிறானாங்கிறது மந்தையில எத்தன தடவ பேசியும் தீரல. ஒண்ணு மட்டும் கேக்குறேன், ஒரு காரணத்தச் சொல்றதுக்கு முன்னாடி அது சரியா தப்பான்னு பாக்க ஒரு வழி வையுங்க. பஸ்ஸுதான் காரணம்னு நான் சொல்றேனா, பஸ்ஸ விட வச்சுப் பாப்போம், அடுத்த வருசமும் அதே மாதிரி பயலுக படிப்ப விட்டா நான் சொன்னது தப்பு, மந்தையில நின்னு ஒத்துக்கிறேன். "சேரக்கூடாதவன்"தான் காரணம்னு நீங்க சொல்றத எப்படி சோதிப்பீங்க? சேராம வச்சா? அப்படி வச்சிருந்த காலத்துல நம்ம ஊர்ல களவே நடக்கலையா, சீயான்களக் கேளுங்க.

இப்ப வேண்டுதல். அந்த நாலாவது வரிய இன்னைக்கே மறைச்சு விடுங்க, மூணாவதையும் சேத்து மறைச்சா நல்லது, வெள்ள ஸ்டிக்கர் கடையில கெடக்கு, நானே ஏணி வச்சு ஏறி ஒட்டுறேன். பஸ்ஸு மனுவ புதுத் தேதி போட்டு எடுத்து வச்சிருக்கேன், கையெழுத்துப் போட எடம் விட்டுருக்கு, மேல கமிட்டி, கீழ பொம்பளைக, அதுக்குக் கீழ காலனி, வரிசை பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், கலெக்டர் ஆபீஸுல திங்கக்கிழம மனுநாளுக்கு கொண்டு போக நான் வர்றேன். செய்முறைக்கு ஒரு அளவு வைக்கிறது கஷ்டம்னு தெரியும், பேச ஆரம்பிக்கவாவது செய்யலாம், அதுல மொத நஷ்டம் எனக்குத்தான், மொய் எழுதுற வருமானம் போயிரும், பரவாயில்ல.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் அடுத்த கூட்டம்னு கேள்விப்பட்டேன். அந்த மூணு தாயும் வர்றோம்னு சொல்லிருச்சுக, காலனியிலருந்து அந்தப் பய அப்பத்தாவும் வருது. நாற்காலி கணக்குப் பண்ணி வாடகைக்கு எடுத்திருப்பீங்க, எங்களுக்கு சேத்து அஞ்சு கூட சொல்லிருங்க. இல்லைன்னாலும் கடையில ஸ்டூல் இருக்கு, நானே தூக்கிட்டு வந்துர்றேன்.

இப்படிக்கு,
மந்தைக்கு எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிற உங்க ஊர்ப் பொண்ணு

பி.கு: பிளெக்ஸு டிசைன் காசு முந்நூத்தம்பது ரூவாய இந்த லெட்டரோட ஒரு காப்பியில மடிச்சு வச்சு தலைவர் சித்தப்பா வீட்டுல குடுத்துட்டேன். பிரிண்ட் காசு கடைக்காரனுக்குப் போயிருச்சு, அத என்னால திருப்ப முடியாது.